வால்முடிச்சு

செப்ரெம்பர் 7, சனி

மரத்தில் தொங்கியபடி மானுக்குக் காத்திருக்கிறவர்களுக்கென்று இந்த நாட்டில் தனிக் கடையே இருக்கிறது. இன்றைக்குப் போனேன். கடைப் பொடியன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கணவருக்குப் பரிசு வாங்க வந்தீர்களா என்று இங்கிலீசில் கேட்டான். எனக்குத்தான் என்றேன். நாற்பத்தெட்டு வயது, முழங்காலில் வாதம், பாதித் தலை நரை. அவன் என்ன செய்வான், பாவம். கண்ணை ஒருதரம் சிமிட்டிவிட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனான்.

சடில் என்றால் குதிரைக்குப் போடுவதல்ல. இடுப்புக்கும் தொடைக்கும் அடியால் போகிற அகலப் பட்டி. முன்னால் ஒரு கயிற்று வளையம். அந்த வளையத்தை மரத்தில் கட்டிய கயிற்றோடு கொளுவிவிட்டுப் பின்பக்கம் சாய்ந்தால் ஊஞ்சலில் இருக்கிற மாதிரி இருக்கலாம். மூன்றைப் போட்டுப் பார்த்தேன். முதலாவது இடுப்பை நெரித்தது. இரண்டாவது தொடையில் நிற்காமல் முதுகுக்கு ஏறியது. மூன்றாவது சரிவந்தது. பாவித்தது கிடைக்குமா என்று கேட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. பாவித்த பட்டி முன்னர் எதைத் தாங்கியது என்று யாருக்கும் தெரியாது, கையாலும் தொடாதீர்கள் என்றான்.

வீட்டில் ஒன்று கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை. பொலிஸ் தந்த கடதாசிப் பைக்குள், கராஜ் அலுமாரியில், நான் இன்னும் பிரிக்காமல்.

ஏன் இந்தக் கண்டறியாத வேலை என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன். இறைச்சி. ஒரு மான் விழுந்தால் பனிக்காலம் முழுக்கக் கறிக்குக் கவலையில்லை.

செப்ரெம்பர் 8, ஞாயிறு

அன்ரன் ரெலிபோன் எடுத்தார். என் கணவரோடு ஒரே கொம்பனியில் வேலை செய்தவர், ஒன்றாக வேட்டைக்குப் போனவர். குருநகர் ஆள். செய்தி அவருக்கு எப்படிப் போனதோ.

"அக்கா, உங்களுக்கென்ன விசரே?"

"ஓம். எப்ப பழக்குவியள்?"

"நான் மாட்டன் எண்டால்?"

"யூரியூப்பிலை பாத்துப் பழகுவன்."

"ஏசுவே!" என்றார். அடுத்த ஞாயிறு வரச் சொன்னார்.

செப்ரெம்பர் 12, வியாழன்

ஒக்ரோபர் இருபத்தேழு இவரின் ஆட்டைத்திவசம், முதல் வருஷத்துத் திவசம் என்று ஐயர் நாள் பார்த்துச் சொல்லிவிட்டார். ஆரணிக்கு எடுத்தேன். மகள் ரொறன்ரோவில் படிக்கிறாள். ஒரு வருஷமாக எங்கள் கதை 'சாப்பிட்டியா, ஓம்' என்பதோடு முடிகிறது.

"நான் வரேல்லை அம்மா."

"அப்பான்ரை திவசத்துக்கு நீ வராமல்?"

"எங்களை விட்டிட்டுப் போன ஆளுக்கு நான் ஏன் படைக்கோணும்?"

"அப்பா விழுந்தவர், பிள்ளை."

"அது உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. போன வருஷம் கோடையில் கொம்பனியை மூடினார்கள். அதிலிருந்து இவர் அதிகம் கதைக்கவில்லை. ஒக்ரோபரில் மரத்தால் விழுந்து செத்தார். 'மரத்தோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை' என்று பொலிஸ் ஒரு வரி எழுதியது. அந்த ஒரு வரி எங்கள் சனத்துக்குப் போதும். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான். செத்தவீட்டில் இவரின் தங்கை, என் மச்சாள், என் காதுபட, "கொம்பனி மூடினதிலையிருந்து அண்ணை ஒரு மாதிரித்தானே, தானாத்தான் விட்டிருப்பார்" என்றாள். அவளுக்குப் பின்னால் ஆரணி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலாது. ஊர் கிடக்கட்டும். என் பிள்ளைக்கு நான் என்ன சொல்ல? திவசத்துக்கு முன்னர் அந்த மரத்தில் ஏறி, அவர் நின்ற இடத்தில் நின்று பார்க்கப்போகிறேன். இறைச்சியும் தேவைதான்.

செப்ரெம்பர் 15, ஞாயிறு

அன்ரனின் பின்வளவு மரத்தில் பழகினேன். நிலத்திலிருந்து ஒரு முழ உயரம். அவரின் மனைவி சன்னலால் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றா. சிரிக்கட்டும்.

துண்டு ஏணிகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக மரத்தில் வரிந்து கட்டி ஏறவேண்டும். ஏறும்போது இடுப்புக்கயிறு மரத்தைச் சுற்றி இருக்கும். மேலே போனதும் தலைக்கு மேலே மரக்கயிற்றைக் கட்டி அதில் கொளுவவேண்டும்.

"மரக்கயிறைக் கொளுவிப்போட்டுத்தான் இடுப்புக்கயிறைக் கழட்டவேணும். ஒரு கணமும் வெறுமனே நிக்கக்கூடாது. கயிறு தொய்யவும் கூடாது. விளங்குதோ?"

"விளங்குது, வாத்தியார்."

"பகிடி வேண்டாம் அக்கா. இதைப் பாருங்கோ. மெல்லிய கயிறை மொத்தக் கயிறிலை இப்பிடிச் சுத்தோணும். நான் சொல்லுறது பிடிமுடிச்சு. உங்கடை பட்டிக் கொளுக்கி இதிலைதான் மாட்டுறது. பாரம் விழுந்தால் கயிறைக் கடிச்சுப் பிடிக்கும். கையாலை பொத்திப் பிடிச்சால் வழுக்கும். ஏத்தி இறக்க அப்பிடித்தான் பொத்தி நகத்துறது."

பொத்தினேன், வழுக்கியது. விட்டேன், கடித்தது. பத்துத் தரம் செய்ய வைத்தார். மனிசனுக்குப் பொறுமை அதிகம்.

கடைசியில் மரக்கயிற்றின் கீழ் நுனியில் மொத்தமாக ஒரு முடிச்சுப் போட்டார். "இது வால்முடிச்சு. பிடிமுடிச்சு வழுக்கினாலும் இதிலை வந்து நிக்கும். இது இல்லாமல் ஏறினால் நான் உங்களோடை கதைக்கமாட்டன்."

"இவர் போடுறவரோ?"

அன்ரன் தன் சப்பாத்தைப் பார்த்தார். "அண்ணைக்கு முடிச்செண்டாலே எரிச்சல். மரத்தாலை கயிறை இழுக்கேக்கை மாட்டுது எண்டுவார்."

மெய்தான். நாடா கட்டுகிற சப்பாத்து இவர் ஒருநாளும் வாங்கியதில்லை. அரிசிப் பையின் வாயைக்கூடக் கட்டமாட்டார், "இஞ்சாரும், இதை ஒருக்காக் கட்டும்" என்று குசினிக்குள் கொண்டுவருவார்.

செப்ரெம்பர் 29, ஞாயிறு

காட்டுக்குப் போனோம். காணிக்கார வெள்ளைக்கார மனிசன் படலைத் திறப்பைத் தந்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பெரிய மேப்பிள் மரம். உயரத்தில், இவர் கால் ஊன்றி நிற்கிற கால்தட்டு இன்னும் இருக்கிறது. அதற்கு மேலே மரக்கயிறு, வெயிலில் வெளிறிப்போய், நுனி வெறுமனே தொங்குகிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஒருத்தரும் கழட்டேல்லையோ?"

"பொலிஸ் மேலை ஏறேல்லை அக்கா. எனக்கும் மனம் வரேல்லை."

"நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறியளோ? தானா விட்டவர் எண்டு?"

அன்ரன் மேலே கயிற்றைக் காட்டினார். "கயிறு மரத்திலை கிடக்குது. ஆள் கீழை கிடந்தவர். கொளுக்கியைக் கழட்டினால்தானே அப்பிடி வரும், அக்கா." பிறகு அழத் தொடங்கிவிட்டார். நான்தான் ஆறுதல் சொல்லவேண்டியிருந்தது.

ஒக்ரோபர் 5, சனி

முதன்முதலாக மரத்தில் இருந்தேன், பழகத்தான், கையில் துவக்கு இல்லை. ஆளுயரத்துக்குச் சற்று மேலே, அதற்கு மேல் அன்ரன் விடவில்லை. அவர் தன் வாகனத்தில் போய்ப் படுத்துவிட்டார்.

பொழுது சாய்கிற நேரம் காற்று நின்றுவிட்டது. ஒரு பெட்டைமான் வந்தது. வந்து மரத்தடியில் நின்று தலையை உயர்த்தியது. என்னைக் கண்டுவிட்டது என்று மூச்சை அடக்கினேன். அது என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலே பார்த்தது. காதைக்கூட அசைக்காமல், தெரிந்த ஆளைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தது.

அப்போது மேலே 'கிளிக்' என்று ஒரு சத்தம். கொளுக்கி பூட்டுகிற சத்தம். என் கொளுக்கியைத் தடவிப் பார்த்தேன், பூட்டித்தான் இருந்தது. நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. எழுதுகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்: பயத்தில் என் பல்லு அடித்தது. மான் மெல்லப் புல்லைக் கடித்துக்கொண்டு போனது.

ஒக்ரோபர் 6, ஞாயிறு

குளிரில் கொப்பு வெடிக்கிற சத்தம் என்கிறார் அன்ரன். குளிரே இல்லையே.

ஒக்ரோபர் 13, ஞாயிறு

பாதி மரம் ஏறினேன். இவரின் கயிற்று நுனி என் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில். ஓர் இலைகூட ஆடவில்லை. கயிறு மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் எழும்பிப்போன ஊஞ்சல் இப்படித்தான் ஆடும். இன்றைக்கு எனக்குப் பயம் வரவில்லை. வராதது ஏன் என்று யோசிக்கவும் இல்லை. அப்படியே இருந்துவிடலாம் போல இருந்தது. அன்ரன் நாலைந்து தரம் கூப்பிட்ட பிறகுதான் எனக்குக் கேட்டது.

இறங்கியதும் முகத்துக்கு நேரே நின்று கேட்டார். "அக்கா, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. நீங்கள் மேலை போறது திரும்பி இறங்கிறதுக்குத்தானே?"

"பின்னை? விசர்க்கதை கதையாதேங்கோ."

கொஞ்சம் பிந்தித்தான் சொன்னேன். கவனித்திருப்பார்.

ஒக்ரோபர் 17, வியாழன்

லீவு போட்டு வீட்டை ஒதுக்கினேன். பாஸ்போட், காப்புறுதிக் கடிதம், என் சங்கிலி எல்லாவற்றையும் ஆரணி கண்டெடுக்கக்கூடிய மாதிரி அலுமாரியின் மேல் லாச்சியில் வைத்தேன். சும்மாதான். வீடு கிடந்த கிடைக்கு யாராவது செய்யத்தானே வேண்டும்.

ஒக்ரோபர் 19, சனி

இதை இன்றைக்கே எழுதவேண்டும்.

விடியக் காலை போனோம். முதல் உறைபனி. புல்லு, பட்டை, ஏணி எல்லாம் வெள்ளை. இன்றைக்கு வேண்டாம் என்றார் அன்ரன். அடுத்த கிழமை திவசம், இன்றைக்குத்தான் என்றேன். அவர் என் பட்டியை இழுத்துப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், வால்முடிச்சைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "கையுறை போடுங்கோ" என்றார்.

ஏறினேன். இவரின் கால்தட்டு உயரத்துக்கு வந்து, என் மரக்கயிற்றைக் கட்டி, கொளுவி, இடுப்புக்கயிற்றைக் கழற்றினேன். எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். பிறகு கால்தட்டைப் பார்த்தேன்.

தட்டு முழுக்க வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. நடுவில் இரண்டு இடம் மட்டும் காய்ந்து கறுப்பாக இருந்தது. இரண்டு பாதத்தின் அளவு. பக்கத்தில் பக்கத்தில். இவர் கொஞ்சம் வலது காலை விரித்துத்தான் நிற்பார். அதுவும் அப்படியே இருந்தது.

வெயில் பட்டிருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். வெயில் இன்னும் எழும்பவில்லை. அந்த இரண்டு இடத்தில்தான் நான் கால் வைத்திருக்கவேண்டும், அதுதான் வழுக்காத இடம். மனம் வரவில்லை. அவர் நிற்கிற இடத்தில் நான் எப்படி மிதிக்கிறது? ஓரமாக, பனியில் காலை வைத்தேன்.

இவரின் கயிற்றை எட்டிப் பிடித்துப் பார்த்தேன். மேல் பாதி சாதாரணக் கயிறு. ஓரிடத்திலிருந்து கீழே, நுனி வரைக்கும், ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மினுங்கியது. நூல் உருகிப்போயிருந்தது. நுனியில் முடிச்சு இல்லை. அது தெரிந்ததுதான். ஆனால் பிடிமுடிச்சும் இல்லை. அன்ரன் சொன்ன கதை எனக்கு அப்போதுதான் இடித்தது. கொளுக்கியைக் கழற்றிவிட்டுக் குதித்த மனிதனின் பிடிமுடிச்சு கயிற்றில் அல்லவா இருக்கவேண்டும்? அது எங்கே போனது?

இன்னும் கிட்டப் பார்க்க எட்டினேன். எட்டுவதற்காக என் முடிச்சைக் கொஞ்சம் கீழே இறக்கியிருந்தேன், என் கயிறு தொய்ந்திருந்தது. கால் சறுக்கியது.

விழுகிறபோது யோசனை ஒன்றும் வராது. முகத்துக்கு முன்னால் எது இருக்கிறதோ அதைக் கை பிடிக்கும். என் முகத்துக்கு முன்னால் பிடிமுடிச்சு இருந்தது. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். முடிச்சு வழுக்கியது. நானும் அதோடு வழுக்கினேன். கயிறு 'சீ' என்று கத்தியது. உள்ளங்கை சுட்டது. சுடச் சுட இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இறுக்க இறுக்க இன்னும் வேகமாகப் போனேன்.

"இஞ்சாரும்! கையை விடும்!"

விட்டேன். ஏன் விட்டேன் என்று தெரியாது. நாற்பத்தெட்டு வருஷத்தில் அந்தரத்தில் கையை விட்டது அதுதான் முதல்தரம். முடிச்சு ஒரேயடியாகக் கடித்தது. பட்டி இடுப்பைத் தூக்கிப் பிடித்தது. மரத்தில் தோள் மோதியது. தொங்கினேன். வால்முடிச்சு என் கொளுக்கிக்கு ஒரு சாண் கீழே நின்றது.

கீழே வந்ததும் அன்ரன் என்னைப் பிடித்துக்கொண்டு தேவாரமும் செபமும் கலந்து ஏதோ சொன்னார். அவருக்கு எங்கள் தேவாரம் எப்படித் தெரியுமோ.

"நீங்களோ கத்தினது, கையை விடச் சொல்லி?"

"நான் எங்கை கத்தினன்? எனக்கு நாக்கே எழும்பேல்லை அக்கா."

சத்தம் கீழேயிருந்து வரவில்லை. எனக்கு அது தெரியும். இந்த உலகத்தில் என்னை 'இஞ்சாரும்' என்று கூப்பிட ஒரேயொருவர்தான் இருந்தார்.

பின்னேரம்

பொலிஸ் தந்த பையைப் பிரித்தேன். அன்ரன் பக்கத்தில் நின்றார்.

ஆஸ்பத்திரிக்காரர் வெட்டிய சடில். முன்வளையத்தில் கொளுக்கி, பூட்டியபடியே. அதற்குள் மெல்லிய கயிறு, பிடிமுடிச்சின் சுற்றுக் குலையாமல், கருகி இறுகிப்போய். அவர் ஒன்றையும் கழற்றவில்லை. கயிற்றின் நுனி வரை வழுக்கிவந்து, நுனியில் முடிச்சு இல்லாததால் கயிறு முடிந்துவிட்டது. அவ்வளவுதான்.

பைக்குள் கிடந்த அவரின் கையுறையை மேசையில் விரித்தேன். பக்கத்தில் என்னுடையதை விரித்தேன். இரண்டு சோடியிலும் உள்ளங்கையில் ஒரே இடத்தில் ஒரே உருகல். என்னுடையது மேலோட்டம். அவருடையது துணி கருகி மறுபக்கம் தெரிந்தது. எவ்வளவு சுட்டிருக்கும். சுடச் சுடப் பிடித்திருக்கிறார். போகிறதற்கு நினைத்தவன் இப்படியா பிடிப்பான்? ஐயோ, என்ரை ராசா. ஒரு வருஷம் நானும் உங்களைச் சந்தேகப்பட்டேனே.

அன்ரன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "விட்டவர் எண்டு நினைச்சன்," என்றார். "விடாததாலை போயிருக்கிறார்."

ஒக்ரோபர் 20, ஞாயிறு

ஆரணிக்கு எடுத்தேன். "வா. ரெலிபோனிலை சொல்லமாட்டன். வந்து கையாலை தொட்டுப் பார்."

மேல் லாச்சியில் வைத்தவற்றைப் பழைய இடத்தில் வைத்தேன்.

ஒக்ரோபர் 25, வெள்ளி

பஸ்ஸில் வந்தாள். மெலிந்துவிட்டாள். சாப்பாடு போடவா என்றேன், முதல் காட்டுங்கோ என்றாள்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். ஒரு தடிக்கயிற்றைக் கதவுக் கைப்பிடியில் கட்டி, முடிச்சுப் போட்டு, பொத்தினால் வழுக்குவதையும் விட்டால் கடிப்பதையும் காட்டினேன். அவள் தானும் செய்து பார்த்தாள். பொத்தினாள், வழுக்கியது. விட்டாள், கடித்தது. பிறகு அப்பாவின் கையுறைக்குள் தன் கையை விட்டாள். கருகிய ஓட்டையால் அவளின் தோல் தெரிந்தது.

"இவ்வளவு இறுக்கியோ அம்மா பிடிச்சவர்?"

"ஓம் பிள்ளை."

"எங்களிட்டை வாறதுக்கோ?"

"வேறை எதுக்கு?"

கத்தி அழுதாள். ஒரு வருஷத்து அழுகை. நானும் அழுதேன். பிறகு இரண்டு பேரும் புட்டும் மாம்பழமும் சாப்பிட்டோம்.

ஒக்ரோபர் 27, ஞாயிறு

திவசம் நன்றாக நடந்தது. ஆரணிதான் முன்னுக்கு நின்று எல்லாம் செய்தாள். படத்துக்கு முன்னால் கையுறையை வைத்தேன். மச்சாள் "உதென்ன ஊத்தைக் கையுறை?" என்றாள். ஆரணி அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்தபோது மச்சாளின் கண் சிவந்திருந்தது. "ஆனைக்கும் அடி சறுக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

நவம்பர் 2, சனி

கடைசியாக ஒருதரம் ஏறினேன். ஆரணியும் அன்ரனும் கீழே நின்றார்கள். அவரின் கயிற்றைக் கழற்றிக்கொண்டுவரத்தான் போனேன்.

தட்டு முழுக்கத் திரும்பவும் பனி. அந்த இரண்டு இடமும் காய்ந்திருந்தன. இந்தமுறை அதில்தான் கால் வைத்தேன். வழுக்கவில்லை. சூடாகக்கூட இருந்தது, நான் கூட்டிச் சொல்லவில்லை.

கயிற்றைக் கழற்றக் கை போனது, ஆனால் கழற்றவில்லை. நுனியை எடுத்து, அன்ரன் காட்டித்தந்த மாதிரி, மொத்தமாக ஒரு வால்முடிச்சுப் போட்டேன். அரிசிப் பை தொடக்கம் எல்லாம் நான்தானே கட்டிக்கொடுத்தேன். இழுத்து இறுக்கிப் பார்த்தேன்.

இறங்கத் தொடங்கி இரண்டாவது ஏணியில் நிற்கும்போது மேலே 'கிளிக்' என்றது. நிமிர்ந்து பார்த்தேன், இந்தமுறை பார்த்தேன். ஒருவரும் இல்லை. தொங்கிக்கொண்டிருந்த கயிறு மட்டும் மெல்ல மெல்ல இறுகி நேரானது. மரப்பட்டை ஒருதரம் முனகியது. யாரோ பின்பக்கம் சாய்ந்து வசதியாக இருந்துகொள்கிற மாதிரி.

"அம்மா, என்ன பாக்கிறியள்?" என்று ஆரணி கீழேயிருந்து கேட்டாள். தூரத்தில் அந்தப் பெட்டைமான் நின்றது. அதுவும் மேலேதான் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஒண்டுமில்லை, வாறன்," என்றேன். பிறகு, அவளுக்குக் கேட்காத மாதிரி, மேலே பார்த்துச் சொன்னேன். "இஞ்சாருங்கோ, இருங்கோ. நான் போயிட்டு வாறன்."